கொரிய நூடுல்ஸ்: வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்! (வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில், "அடுத்த முறை வீட்டில் செய்யும் கொரிய நூடுல்ஸ் பற்றி மட்டும் கேளுங்கள்" என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி கேள்விகள் என்பதால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம்: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு வரும் கொரிய என்ஜினியர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் பல வருடம் சமையல் பார்த்தவள் நான். அதை நடத்தியவர் தேகு நகரத்திலிருந்து வந்த ஒரு கொரிய அம்மா. நாங்கள் எல்லோரும் அவரை சாமோனிம் என்றுதான் கூப்பிடுவோம். இங்கே நான் சொல்வதில் பெரும்பகுதி அவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றது.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் கொரியத் தொடர்களைப் பார்த்துவிட்டு அந்தச் சிவப்பு நூடுல்ஸ்தான் வேண்டும் என்கிறாள். வெளிநாட்டுப் பாக்கெட் அடிக்கடி வாங்கக் கட்டுப்படியாகவில்லை. நம் ஊர் சாதாரண நூடுல்ஸை வைத்தே செய்ய முடியுமா? காலை நேரம், 15 நிமிடத்தில் முடிய வேண்டும் அக்கா. – ஒரு தாய், மதுரை

தாராளமாகச் செய்யலாம். அந்தப் பாக்கெட்டில் நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாகச் சாஸுக்குத்தான். கொரிய நூடுல்ஸ் கொஞ்சம் தடிமனாக, மெல்லும்போது இழுவையாக இருக்கும். நம்முடையது மெலிசு. அந்த வித்தியாசத்தை மகளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், மற்றதெல்லாம் சரியாக வந்துவிடும்.

இரண்டு பேருக்கான அளவு இது. 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட் 2. உள்ளே இருக்கும் மசாலாப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிடுங்கள், இன்னொரு நாள் உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஆகும். சாஸுக்கு: கோச்சுஜாங் (புளிக்கவைத்த கொரிய மிளகாய் விழுது) ஒன்றரை மேசைக்கரண்டி, சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 டீஸ்பூன், கொரகொரப்பாகப் பொடித்த காஷ்மீரி மிளகாய் 1 டீஸ்பூன். இவற்றை 2 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு ஒரு கிண்ணத்தில் குழைத்து வையுங்கள். அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்பே இது தயாராக இருக்க வேண்டும். கடாய் சூடான பிறகு ஒவ்வொரு பாட்டிலாகத் தேடினால் பூண்டு கருகிவிடும். காய் என்றால் ஒரு கைப்பிடி முட்டைக்கோஸ், பாதி கேரட், ஒரு சின்ன வெங்காயத்தாள் கட்டு, ஒரு பெரிய வெங்காயம். பூண்டு 5 பல், நசுக்கியது. ஆளுக்கு ஒரு முட்டை.

ஒரு அடுப்பில் 700 மில்லி தண்ணீர் கொதிக்கட்டும். இன்னொன்றில் கடாயை வைத்து 1 மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய் விடுங்கள். மிதமான தீயில் பூண்டையும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் போட்டு, மணம் வந்ததும் வெங்காயம், கேரட், கோஸ். இரண்டு நிமிடம் போதும், காய் நறுக்கென்று இருக்க வேண்டும். இப்போது தீயைக் குறைத்து, குழைத்து வைத்த சாஸை ஊற்றுங்கள். அரை நிமிடத்தில் ஓரமெல்லாம் எண்ணெய் சிவப்பாகப் பளபளக்கும். கோச்சுஜாங்கில் இனிப்பும் அரிசிச் சத்தும் இருப்பதால் பெரிய தீயில் சட்டென்று அடிப்பிடிக்கும். தீயைக் குறைக்கச் சொல்வது அதனால்தான்.

இதற்குள் நூடுல்ஸ் கொதிநீரில் போயிருக்க வேண்டும். பாக்கெட்டில் 2 நிமிடம் என்று போட்டிருந்தால் நீங்கள் 1 நிமிடத்தில், இழைகள் பிரிந்தவுடனே எடுங்கள். வடிதட்டில் கொட்ட வேண்டாம். ஜல்லிக்கரண்டியால் அள்ளி நேராகக் கடாயில் போட்டு, அந்த வெந்நீரிலிருந்தே அரைத் தம்ளர், சுமார் 100 மில்லி, மொண்டு ஊற்றுங்கள். இப்போது தீயைக் கூட்டிப் புரட்டிக்கொண்டே இருங்கள். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் தண்ணீர் சுண்டி, சாஸ் ஒவ்வொரு இழையிலும் ஒட்டும். கரண்டியால் கடாயின் நடுவே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சாஸ் மெதுவாக வந்து அந்தக் கோட்டை மூடினால் அதுதான் பதம், அணைத்துவிடுங்கள். தட்டுக்குப் போன பிறகும் நூடுல்ஸ் சாஸைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் கடாயில் லேசாகச் சளசளவென்று இருப்பதுதான் நல்லது.

அணைத்த பிறகு வறுத்த எள்ளெண்ணெய் 1 டீஸ்பூன், வறுத்த எள், வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. மேலே மஞ்சள் கரு உடையாத ஒரு பொரித்த முட்டை. காய் இரவே நறுக்கி வைத்திருந்தால் அடுப்பு வேலை 10 நிமிடம்தான்.

கேள்வி: ஃபாஸ்ட் ஃபுட் கடையில் தீயை முழுசாக வைத்துக் கடாயை ஆட்டி ஆட்டிச் செய்கிறார்கள். நானும் அப்படிச் செய்து பார்க்கிறேன், என் நூடுல்ஸ் ஒன்று கட்டியாகிறது, இல்லையென்றால் ஒடிந்து தூளாகிறது. வீட்டு அடுப்பில் இது நடக்கவே நடக்காதா? – வாசகர், கோயம்புத்தூர்

கடையில் நீங்கள் பார்ப்பது சைனீஸ் முறை. நூடுல்ஸை முன்கூட்டியே வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, எண்ணெய் தடவி உலர்த்தி வைத்திருப்பார்கள். பெரிய பர்னரின் தீயில் அது ஒட்டாமல் ஓடும். வீட்டு அடுப்பில் அவ்வளவு சூடு வராது. கடாய் நிறையப் போட்டால் சூடு இன்னும் இறங்கிவிடும். அப்போது நூடுல்ஸ் வறுபடாது, கடாயில் ஒட்டிக்கொண்டு, கிளறக் கிளற ஒடியும்.

கொரிய நூடுல்ஸை நான் உங்களுக்குப் பரிந்துரைப்பதே இந்தக் காரணத்துக்காகத்தான். இங்கே முக்கியமான வேலை நூடுல்ஸை வறுப்பதில்லை, சாஸை அதன்மேல் சுண்டவைப்பது. அதற்குச் சாதாரண கேஸ் அடுப்பு போதும், இண்டக்‌ஷனும் போதும். சாம்யாங் என்ற கொரியக் கம்பெனியின் புல்டாக் என்னும் கார நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்னால் இருக்கும் செய்முறையைப் படித்துப் பாருங்கள்: 600 மில்லி தண்ணீரில் 5 நிமிடம் வேகவைத்து, 8 ஸ்பூன் தண்ணீரை மட்டும் விட்டு மீதியை வடித்து, சாஸ் ஊற்றி 30 விநாடி புரட்டச் சொல்லியிருப்பார்கள். அந்த 8 ஸ்பூன் தண்ணீரில்தான் எல்லாம் இருக்கிறது. இன்ஸ்டன்ட் நூடுல்ஸை ஆலையிலேயே ஆவியில் வேகவைத்து, எண்ணெயில் பொரித்துத்தான் பாக்கெட்டில் போடுகிறார்கள். மறுபடி கொதிக்கும்போது அதன் மாவுச்சத்து தண்ணீரில் இறங்கும். அந்தக் கலங்கல் தண்ணீர்தான் எண்ணெயையும் சாஸையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நாமோ அதைத்தான் முதலில் சிங்க்கில் கொட்டுகிறோம்.

ஆகவே கோவை வாசகருக்கு என் வேண்டுகோள்: அலசாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், கடாயை ஆட்டவும் வேண்டாம். ஒரு தடவைக்கு இரண்டு பாக்கெட்டுக்கு மேல் போடாதீர்கள். கரண்டிக்குப் பதிலாக இடுக்கியோ இரண்டு முள்கரண்டியோ வைத்துத் தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். ஒடியாது.

கேள்வி: கோச்சுஜாங் என்கிறீர்கள். எங்கள் ஊரில் கிடைக்காது. மிளகாய்த்தூளும் தக்காளி சாஸும் கலந்தால் அதே நிறம் வருகிறதே, போதாதா? – வாசகி, நாகர்கோவில்

நிறம் வரும், ருசி வராது. தக்காளி சாஸில் இருப்பது வினிகர் புளிப்பு. கோச்சுஜாங்கில் இருப்பது மாதக்கணக்கில் புளித்து முதிர்ந்த ருசி. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகாது. யூடியூபில் தக்காளி சாஸ் ஊற்றி "கொரியன் நூடுல்ஸ்" என்று காட்டுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அந்த டப்பாவுக்குப் பின்னால் அவ்வளவு உழைப்பு இருக்கிறது.

மிளகாய்ப் பொடி, ஒட்டும் அரிசி, சோயாவை அவித்து இடித்துக் கட்டியாக்கிப் புளிக்கவைத்து எடுத்த பொடி, முளைகட்டிய பார்லி மாவு, உப்பு. மரபான கோச்சுஜாங்கில் இவ்வளவுதான். இதைக் குழைத்து மண் ஜாடியில் நிரப்பி, வெயில் படும் திறந்த இடத்தில் வைத்து மாதக்கணக்கில் முதிரவிடுவார்கள். வெயிலும் காற்றும் பார்த்து மூடியைத் திறப்பதும் மூடுவதும், நம் வீடுகளில் மொட்டை மாடியில் வற்றலைப் பார்த்துக்கொள்வது போல ஒரு பொறுப்பு. தென்கொரியாவின் வடக்கு ஜொல்லா மாநிலத்தில் சுன்சாங் என்ற ஊர் இதற்கே பேர்போனது. மிளகாயைப் பொறுத்தவரை அவர்களும் நம்மைப் போலத்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் வழியாக வந்த பிறகுதான் அது அவர்கள் சமையலுக்குள் போனது. 1614-ல் எழுதப்பட்ட கொரிய நூல் ஒன்றில் மிளகாய் பற்றிய குறிப்பு இருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு கொரியக் குடும்பங்கள் சென்னைப் பக்கம் நிறைய வந்தன. அதனால் சென்னையில் கொரிய மளிகைக் கடைகள் உண்டு. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆன்லைனில் அரை கிலோ சிவப்பு டப்பா கிடைக்கும். முதல்முறை வாங்கும்போது சின்ன டப்பாவாக வாங்குங்கள். பல டப்பாக்களில் காரத்தின் அளவையும் போட்டிருப்பார்கள், நடுத்தரக் காரம் நம் வீடுகளுக்குச் சரியாக இருக்கும். திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத ஸ்பூன் போட்டு எடுத்தால் பல மாதம் இருக்கும். மேல்பரப்பு கறுத்தால் பயப்பட வேண்டாம், காற்றுப் பட்டதால் வருவது அது. பூஞ்சை வந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

டப்பா வரும்வரை காத்திருக்க முடியாது என்றால் ஒரு மாற்று உண்டு. காஷ்மீரி மிளகாய் 10, விதையை உதறிவிட்டு வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து மைய அரையுங்கள். ஒரு மேசைக்கரண்டி பச்சரிசி மாவை அரைத் தம்ளர் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, அதில் மிளகாய் விழுது, சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, பொடித்த வெல்லம் 1 மேசைக்கரண்டி, வினிகர் அரை டீஸ்பூன் சேர்த்து, சிறு தீயில் கெட்டியாகும்வரை கிளறி ஆறவையுங்கள். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். புளித்த ஆழம் இதில் வராது. ஆனால் காரம், இனிப்பு, உப்பு, அந்தக் கெட்டித்தன்மை எல்லாம் சரியான விகிதத்தில் வரும். தக்காளி சாஸைவிட எவ்வளவோ மேல். சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால், இந்த விழுதைப் போட்டு நூடுல்ஸ் செய்யும்போது தனியாகச் சேர்க்கும் சோயா சாஸைப் பாதியாகக் குறையுங்கள்.

கேள்வி: எள்ளெண்ணெய் என்றால் நம் நல்லெண்ணெய்தானே? எதற்குத் தனியாக வாங்க வேண்டும்? – வாசகி, தஞ்சாவூர்

எள் ஒன்றுதான், எண்ணெய் வேறு. நம் செக்கில் எள்ளை வறுக்காமல், கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம். கொரியாவில் எள்ளை நன்றாக வறுத்துவிட்டுப் பிழிகிறார்கள். அந்த வறுத்த வாசனைதான் அவர்களுடைய சமையலறைக்கே அடையாளம். நல்லெண்ணெயைக் கடைசியில் ஊற்றினால் உங்கள் நூடுல்ஸில் இட்லிப் பொடி வாசம்தான் வரும்.

வாங்க விருப்பமில்லையென்றால் இப்படிச் செய்யுங்கள். 2 மேசைக்கரண்டி வெள்ளை எள்ளைச் சிறு தீயில், பொன்னிறத்தைத் தாண்டி லேசான பழுப்பு வரும்வரை வறுத்து, சூட்டோடு உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெயை விரல் பொறுக்கும் சூட்டுக்கு மட்டும் சூடாக்கி அதன்மேல் ஊற்றி, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். வடிகட்டவே வேண்டாம், எள்ளோடு அப்படியே போடலாம். மிகவும் நன்றாக இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வாங்கியதோ வீட்டில் செய்ததோ, இந்த எண்ணெயில் தாளிக்கக் கூடாது. அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும், சூட்டில் அதன் மணம் பறந்துவிடும். சாமோனிம் இந்தப் பாட்டிலை அடுப்பு மேடையிலேயே வைக்க விடமாட்டார். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து அலமாரியில்தான் இருக்கும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் இல்லை. விரத நாளில் பூண்டு, வெங்காயமும் கிடையாது. எங்களுக்குக் கொரியச் சமையல் ஒத்துவருமா? – வாசகி, கும்பகோணம்

நிச்சயமாக ஒத்துவரும். முதலில் கடைச் சரக்கு பற்றி. பாக்கெட்டில் பச்சை வட்டம் இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். அதைப் பார்க்காமல் எதையும் கூடையில் போடாதீர்கள். ஆய்ஸ்டர் சாஸ் என்பது சிப்பியிலிருந்து வருவது. கிம்ச்சி வெறும் முட்டைக்கோஸ் ஊறுகாய் என்று நினைத்துப் பலர் வாங்குகிறார்கள். வழக்கமான கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாஸோ சேர்ந்திருக்கும். சைவம் என்று எழுதியிருப்பதைத் தேடி வாங்குங்கள். கோச்சுஜாங் பெரும்பாலும் தானியமும் பயறும்தான், ஆனாலும் வாங்கும் டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துவிடுங்கள்.

உங்கள் விரத நாளுக்கு இன்னும் நல்ல செய்தி இருக்கிறது. கொரியாவின் பௌத்தக் கோயில்களில் துறவிகளின் சமையல் நூற்றாண்டுகளாக உண்டு. அதில் இறைச்சி, மீன் கிடையாது. பூண்டு, வெங்காயத்தாள் உட்பட நெடியடிக்கும் ஐந்து வகைச் செடிகளும் கிடையாது. அதற்குப் பதில் உலர்ந்த காளானும் கெல்ப் என்ற கடல்பாசியும் ஊறவைத்த தண்ணீரில் ருசியைக் கொண்டுவருகிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது: 4 உலர்ந்த ஷிட்டாக்கே காளானைக் காலையில் ஒரு தம்ளர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மாலையில் காளானை நறுக்கி, பூண்டு வெங்காயத்துக்குப் பதில் ஒரு துண்டு இஞ்சியுடன் வதக்கி, நூடுல்ஸ் வெந்த தண்ணீரோடு அந்த ஊறல் தண்ணீரையும் பாதிக்குப் பாதி ஊற்றிச் சுண்டவையுங்கள். முட்டைக்குப் பதில் தோசைக்கல்லில் சிவக்கவிட்ட டோஃபு. பனீர் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் அதன் பால் வாசனை சோயா சாஸோடு அவ்வளவாகச் சேராது. என் ஓட்டு டோஃபுவுக்குத்தான்.

கேள்வி: சேமியாவில் செய்யலாமா? – வாசகி, விருதுநகர்

வேண்டாம். நொறுங்கி உப்புமா ஆகிவிடும். கையில் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் இல்லையென்றால் ஹக்கா நூடுல்ஸ் போடுங்கள். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் எடுத்துவிட்டால் போதும்.

கேள்வி: அஜினோமோட்டோ போட்டால்தான் அந்த ருசி வரும் என்கிறார் என் கணவர். – வாசகி, வேலூர்

தேவையே இல்லை. சோயா சாஸிலும் கோச்சுஜாங்கிலும் புளிக்கும்போதே அந்த ருசிச் சத்து இயற்கையாக உண்டாகியிருக்கிறது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு வழி: கொரியர்கள் உலர்ந்த நெத்திலியைக் கொதிக்கவைத்துத்தான் பல குழம்புக்கும் அடித்தண்ணீர் எடுக்கிறார்கள். நம் ஊர் நெத்திலிக் கருவாட்டில் நாலைந்தை எடுத்து, தலையையும் குடலையும் கிள்ளி எறிந்து, நன்றாக அலசி, வெறும் சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டி, ஒரு தம்ளர் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். வெந்த தண்ணீரில் பாதிக்கு இதை ஊற்றுங்கள். உங்கள் கணவர் பிறகு அஜினோமோட்டோ பேச்சே எடுக்க மாட்டார். கருவாட்டில் உப்பு இருப்பதால் சோயா சாஸைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு ஓட்டலில் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று, காரமே இல்லாத கொரிய நூடுல்ஸ் சாப்பிட்டோம். சிவப்பு நூடுல்ஸும் இதுவும் ஒரே வகையா? வீட்டில் சீக்கிரம் செய்ய முடியுமா? – வாசகர், சென்னை

நீங்கள் சாப்பிட்டது ஜாப்சே. இரண்டும் கடாயில் செய்வது என்பதைத் தவிர வேறு உறவு இல்லை. ஜாப்சே 17-ஆம் நூற்றாண்டு அரண்மனை விருந்தில் தொடங்கியது என்பார்கள். அப்போது அதில் நூடுல்ஸே கிடையாது, காய்களையும் காளானையும் தனித்தனியே வதக்கிக் கலந்த பதார்த்தம். நூடுல்ஸ் அதற்குள் வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். சிவப்பு நூடுல்ஸின் கதை இன்னும் புதிது. கொரியாவின் முதல் இன்ஸ்டன்ட் நூடுல்ஸை சாம்யாங் 1963-ல், ஜப்பானிலிருந்து தொழில்நுட்பம் வாங்கிக் கொண்டுவந்தது. உங்கள் பிள்ளைகள் கேட்கும் புல்டாக் வந்தது 2012-ல்.

ஜாப்சேக்குப் போடுவது தாங்மியோன் என்ற நூடுல்ஸ். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்தது, கோதுமை இல்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் சோயா சாஸையும் கோதுமை சேராததாகப் பார்த்து வாங்கிவிட்டால் இதைச் சாப்பிடலாம். விசேஷங்களுக்குச் செய்யும்போது சாமோனிம் ஒவ்வொரு காயையும் தனித்தனியாக வதக்கி, அதனதன் நிறம் கெடாமல் ஆறவைத்து, கடைசியில் பெரிய பாத்திரத்தில் கையால் கலப்பார். பார்க்கவே அவ்வளவு அழகு. ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். வேலை நாட்களில் அவரே செய்யும் சுருக்க வழியைச் சொல்கிறேன்.

200 கிராம் தாங்மியோனைச் சாதாரணத் தண்ணீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, கத்தரிக்கோலால் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் ஒரு இழையை எடுத்தால் மொத்தமும் கூடவே வரும். அகலமான கடாயில் வெங்காயம், கேரட், காளான், பூண்டு வதக்கி ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். அதே கடாயில் சோயா சாஸ் 4 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, மிளகுத்தூள், ஒரு தம்ளர் தண்ணீர். கொதி வந்ததும் ஊறிய நூடுல்ஸைப் போட்டுக் கிளறுங்கள். 5, 6 நிமிடத்தில் தண்ணீர் முழுக்க உறிஞ்சி, இழைகள் பழுப்பாக, கண்ணாடியாக மாறும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் கால் தம்ளர் தண்ணீர் கூட விடலாம். ஒரு கைப்பிடி கீரையை அந்தச் சூட்டிலேயே புரட்டி, காய்களைச் சேர்த்து, அணைத்து, வறுத்த எள்ளெண்ணெய் 1 மேசைக்கரண்டி. பசலைக்கீரை இதற்கு மிகப் பொருத்தம், அரைக்கீரையும் பரவாயில்லை. முருங்கைக்கீரை சேராது, கசப்பு முந்திக்கொள்ளும்.

நான்கு பேர் வயிறாரச் சாப்பிடலாம். சூப்பர் மார்க்கெட்டில் "கிளாஸ் நூடுல்ஸ்" என்று விற்பது பல சமயம் பாசிப்பயறு மாவில் செய்த மெல்லிய இழை. அது சீக்கிரம் குழைந்துவிடும், இந்த அளவுத் தண்ணீரும் நேரமும் அதற்குப் பொருந்தாது.

கேள்வி: என் நண்பர்கள் இரண்டு மடங்குக் கார பாக்கெட்டைத் தண்ணீர் குடிக்காமல் சாப்பிடும் போட்டி வைக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது, ஆனாலும் விட மனசில்லை. காரத்தைக் குறைக்காமல் எரிச்சலை மட்டும் குறைக்க வழி உண்டா? – கல்லூரி மாணவர், சேலம்

தம்பி, வயிறு எரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போட்டியை விட்டுவிடுங்கள். எரிச்சல் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். 2024 ஜூனில் டென்மார்க் நாட்டின் உணவுத் துறை, காரச் சத்தான கேப்சைசின் அளவு அதிகம் என்று இந்த வகையில் மூன்று பாக்கெட்டுகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. அடுத்த மாதமே இரண்டை மறுபடி அனுமதித்தது, மூன்று மடங்குக் காரத்தை அனுமதிக்கவில்லை. இப்படிச் சாப்பிடும் போட்டிகளை நினைத்துத்தான் அவர்கள் கவலைப்பட்டார்கள்.

காரம் தண்ணீரில் கரையாது, அதனால் தண்ணீர் குடித்து எந்தப் பயனும் இல்லை. பாலும் தயிரும் உதவும், அவற்றிலுள்ள புரதம் காரச் சத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். சாப்பிடும் முறையையும் மாற்றுங்கள். சாதாரண புல்டாக் வாங்கி, சாஸ் பொட்டலத்தில் பாதியை மட்டும் ஊற்றுங்கள். வெந்த தண்ணீர் 8 ஸ்பூனுக்குப் பதில் 4 ஸ்பூன் விட்டு, அரைத் தம்ளர் பால் ஊற்றிச் சுண்டவைத்து, ஒரு சீஸ் துண்டு போட்டு இறக்குங்கள். கொரியப் பிள்ளைகளும் இப்படிப் பாலும் சீஸும் சேர்த்துத்தான் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். காலி வயிற்றில் மட்டும் சாப்பிடாதீர்கள். மீதிச் சாஸை வீணாக்க வேண்டாம், அடுத்த நாள் முட்டை சாதத்தில் கலந்தால் அருமையாக இருக்கும்.

கேள்வி: எனக்கு 64 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பேரன் செய்யும்போது ஆசையாக இருக்கிறது. கொஞ்சம் சாப்பிடலாமா அம்மா? – ஓய்வுபெற்றவர், ஈரோடு

எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும் ஐயா. உப்புக் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், அதாவது 5 கிராம் உப்புக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கொரிய பாக்கெட் ஒன்றில் பெரும்பாலும் 1,200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். வீட்டில் செய்தாலும் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 900 வந்துவிடும். அதனால் முதல் பதிலில் நான் சொன்ன அளவு உங்களுக்கு ஆகாது.

பேரனிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். நூடுல்ஸ் ஒரு பாக்கெட்டை இரண்டு பேருக்குப் பிரித்து, கோஸும் காளானும் கேரட்டும் மூன்று பங்கு. சோயா சாஸ் அறவே வேண்டாம், கோச்சுஜாங் ஒரு டீஸ்பூன் மட்டும். பூண்டு, இஞ்சி, வறுத்த எள் தாராளமாக, இறக்கும்போது சில சொட்டு எலுமிச்சம்பழச் சாறு. புளிப்பும் எள் மணமும் இருக்கும்போது உப்புக் குறைவது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. பேரனுக்கு வேண்டிய உப்பை அவன் தட்டில் தனியாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: டிபன் பாக்ஸில் மதியம் திறக்கும்போது மொத்தமாக ஒரு கட்டியாக இருக்கிறது. – வாசகி, திருச்சி

சிவப்பு நூடுல்ஸ் டிபன் பாக்ஸுக்கு ஏற்றதில்லை, சுடச்சுடச் சாப்பிட வேண்டியது. பாக்ஸுக்கு ஜாப்சே கொடுத்து அனுப்புங்கள். கொரியர்களே அதை ஆறவைத்து, சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் கறியாகவும் வைக்கிறார்கள். ஆறினாலும் இழை இழையாகவே இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் விறைக்கும், இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்துக் கடாயில் புரட்டினால் பழையபடி ஆகிவிடும்.

கேள்வி: கூடத் தொட்டுக்கொள்ள என்ன வைப்பது? கிம்ச்சி வாடை எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. – வாசகி, புதுச்சேரி

அப்படியானால் மஞ்சள் முள்ளங்கி வையுங்கள். கொரியாவில் தன்முஜி என்பார்கள், கிம்பாப் என்ற, கடல்பாசித் தாளில் சுருட்டிய சாதத்துக்குள் இருக்குமே அதுதான். இனிப்பும் புளிப்புமாக இருப்பதால் கார நூடுல்ஸுக்கு நடுநடுவே கடித்தால் நாக்கு ஆறும். கால் கிலோ வெள்ளை முள்ளங்கியைத் தோல் சீவி, அரைவட்டத் துண்டுகளாக, கொஞ்சம் தடிமனாகவே நறுக்குங்கள். வினிகர் அரைத் தம்ளர், தண்ணீர் அரைத் தம்ளர், சர்க்கரை 4 மேசைக்கரண்டி, உப்பு 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன் சேர்த்து ஒரு கொதி விட்டு, சூடாகவே முள்ளங்கி மேல் ஊற்றி ஆறவிடுங்கள். கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் முதல் சாப்பிடலாம். பாட்டிலைத் திறந்ததும் முள்ளங்கி வாடை கொஞ்சம் அடிக்கும். ஐந்து நிமிடம் திறந்து வைத்துவிட்டுப் பரிமாறுங்கள், அது போய்விடும்.